கரகரக்கும் பிரேக் என்ன சொல்கிறது?

காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. அப்பா பிரேக்கை மிதிக்கிறார். முன்சக்கரப் பக்கத்திலிருந்து, இரும்பை அரத்தால் ராவுவது போல ‘கர்ர்ர்’ என்று ஓர் ஓசை. கார் நின்றதும் ஓசையும் நின்றுவிடுகிறது. பச்சை விளக்கு வந்ததும் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த விளக்கில் மறுபடியும் கர்ர்ர். “தீபாவளிக்கு முன்னால் பட்டறையில் காட்டிவிடலாம்” என்கிறார் அப்பா. அம்மா வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்.

மாணவர்களே, அந்த ஓசையைத் தீபாவளி வரைக்கும் தள்ளிப்போடலாமா? இதற்கு விடை சொல்ல நீங்கள் மெக்கானிக்காக இருக்கவேண்டியதில்லை. பள்ளியில் படிக்கும் உராய்வு, அழுத்தம், வெப்பம் ஆகிய மூன்று பாடங்களும் கொஞ்சம் கூர்மையான காதும் போதும். நம் நாட்டில் லாரிகளையும் பேருந்துகளையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சொந்தக் கார்களுக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. ஆகவே, வீட்டுக் காரின் பிரேக் தேய்ந்துவிட்டது என்ற செய்தி முதலில் வந்து சேர்வது அதில் பயணம் செய்பவர்களின் காதுக்குத்தான்.

காரை நிறுத்தினால் சக்தி எங்கே போகிறது?

ஓடும் காருக்கு இயக்கச் சக்தி உண்டு. சக்தியை அழிக்க முடியாது, வேறு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பிரேக் செய்வதும் அதைத்தான். காரின் இயக்கச் சக்தியை உராய்வின் மூலம் வெப்பச் சக்தியாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது.

எவ்வளவு வெப்பம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து ஒரு சிறிய காரின் நிறை 1,200 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் அது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 30.6 மீட்டர். இயக்கச் சக்தி என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. 600-ஐ 936-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 560,000 ஜூல். அறை வெப்பநிலையில், சுமார் 30 பாகை செல்சியஸில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிநிலைக்கே கொண்டுபோகப் போதுமான சக்தி அது.

வீட்டிலுள்ள மின்சாரக் கெட்டில் அந்த வேலையைச் செய்ய நாலைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவசரமாக மிதித்தால் பிரேக் அதை நான்கு வினாடிகளில் செய்து முடிக்கிறது. 560,000-ஐ 4-ஆல் வகுத்தால் வினாடிக்கு 140,000 ஜூல், அதாவது 140 கிலோவாட். இரண்டு கிலோவாட் கெட்டில் எழுபதை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். ஒரு சிறிய காரின் இயந்திரம் தரும் உச்சத் திறனே 70, 80 கிலோவாட்தான் இருக்கும். காரை ஓடவைக்கும் பாகத்தைவிட நிறுத்தும் பாகமே வலுவானது என்று தெரிந்தால் பலர் நம்பமாட்டார்கள்.

வேகத்தின் வர்க்கம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இதே கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்கச் சக்தி 375,000 ஜூல்தான். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்கை விடச் சற்று அதிகம். பிரேக்கின் சுமை கூடியதோ பாதி.

பிரேக் போடும்போது உங்கள் உடம்பு முன்னால் சாய்கிறதல்லவா? காரின் எடையும் அப்படித்தான் முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. அதனால் முன் பிரேக்குகள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. பத்தில் ஏழு பங்கு என்று கொள்ளலாம். அதை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு முன் டிஸ்குக்கும் 196,000 ஜூல் வரும். டிஸ்க் ஐந்து கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு என்றால், வார்ப்பிரும்பின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்குச் சுமார் 460 ஜூல் என்ற கணக்கில், ஒரே ஒரு நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை 85 பாகை ஏறுகிறது. ஆறுவதற்குள் மறுபடி மிதித்தால் இன்னொரு 85. சற்று முன்வரை ஓடிய காரின் டிஸ்கைத் தொட்டுப் பார்க்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும் வழி

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டுதான் டிஸ்க். அதன் இரு பக்கமும் ஆளுக்கொன்றாக இரண்டு பிரேக் பேட்கள். இந்த இரண்டையும் டிஸ்கின்மேல் இறுக்குவது காலிப்பர் எனும் இரும்புக் கவ்வி. காலிப்பருக்கும் உங்கள் அப்பாவின் காலுக்கும் இடையே இருப்பது பிரேக் ஆயில்.

படிவம் ஐந்து இயற்பியலில் வரும் பாஸ்கல் தத்துவம் இங்கேதான் வேலை செய்கிறது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும். கால் 100 நியூட்டன் விசையில் மிதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதி ஒரு நெம்புகோல். அது விசையை நான்கு மடங்காக்குகிறது. அதற்கு அடுத்துள்ள பூஸ்டர் மேலும் மூன்று மடங்காக்குகிறது. இப்போது 1,200 நியூட்டன். இது 3 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளினால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 400 நியூட்டன். காலிப்பரில் இருக்கும் பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால் பேட்டின்மேல் விழும் விசை 8,000 நியூட்டன். அளவுகள் காருக்குக் கார் மாறும். ஆனால் கால் கொடுத்ததைப் போல 80 மடங்கு என்பது வியப்பான ஒன்றில்லை. இலவசமாக எதுவும் வருவதில்லை: மிதி பல சென்டிமீட்டர் கீழே போனால்தான் பேட் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி நகரும்.

வீட்டில் செய்து பாருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சுகள் இரண்டு வாங்கி, 5 மில்லிலிட்டர் ஒன்று, 20 மில்லிலிட்டர் ஒன்று, இரண்டையும் மெல்லிய ரப்பர் குழாயால் இணையுங்கள். உள்ளே குமிழி ஏதும் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, பெரியதைத் தம்பியிடம் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சிறியதைத் தள்ளுங்கள். அவன் தோற்றுப்போவான். பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுத் தள்ளிப் பாருங்கள். சிரிஞ்சு பஞ்சுபோல அமுங்கும். மறுமுனை சரியாக நகராது. திரவம் சுருங்காது, வாயு சுருங்கும். இந்தப் பஞ்சு உணர்வை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலிப்பரில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பெரும்பாலான சிறிய கார்களில் பிஸ்டன் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கப் பேட்டை யார் தள்ளுவது? நியூட்டனின் மூன்றாம் விதிதான். பிஸ்டன் உட்பேட்டை டிஸ்கின்மேல் அழுத்தும்போது, எதிர்விசை காலிப்பரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின்மேல் நகர்ந்து, தன் மறுபக்கத்து விரல்களால் வெளிப்பேட்டை இழுத்து டிஸ்கோடு அணைக்கிறது. ஒரு கையால் புத்தகத்தைப் பிடிப்பது போல, கட்டைவிரல் ஒருபக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். அந்தப் பின்கள் வழுக்கி நகர்ந்தால்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும்.

தேய்வதற்கென்றே பிறந்த பாகம்

பேட் என்பது ஓர் எஃகுத் தகடும் அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருளும் சேர்ந்தது. இழைகள், உலோகத் தூள், கிராஃபைட், இன்னும் பல பொருள்களைப் பிசினில் குழைத்து, சூட்டில் அழுத்திச் செய்வது அந்த உராய்வுப் பொருள். டிஸ்கைவிட எளிதில் தேய வேண்டும் என்றே அதை வடிவமைக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அது பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

பேட் முழுக்கத் தேய்ந்த பிறகு என்ன மிச்சம்? வெறும் எஃகுத் தகடு. எஃகும் வார்ப்பிரும்பும் நேருக்கு நேர் உரசும்போது தொடும் புள்ளிகள் சூட்டில் ஒட்டி, பிய்ந்து, ஒன்றையொன்று கீறுகின்றன. அந்தப் பிய்தல்தான் நீங்கள் கேட்ட ‘கர்ர்ர்’. மிதியில் காலை வைத்திருப்பவருக்கு அது அதிர்வாகவும் தெரியும்.

உலோகத்தோடு உலோகம் உரசும் தொல்லை டிஸ்க் பிரேக்கோடு சேர்ந்தே பிறந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் டிஸ்கை அழுத்தப் பயன்படுத்தியது செம்பு. அது போட்ட அலறல் தாங்கமுடியாமல் இருந்ததாம். மென்மையான உராய்வுப் பொருளைச் சேர்த்த பிறகுதான் ஓசை அடங்கியது. அப்படியும் இந்த பிரேக் பரவலாக வெகுகாலம் பிடித்தது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. ஆக, பேட் தீர்ந்த நம் வீட்டுக் கார் 1902-க்குத் திரும்பிப் போயிருக்கிறது என்று சொல்லலாம்.

எல்லா ஓசையும் ஒன்றல்ல

இரவெல்லாம் மழை. காலையில் காரை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று தடவை பிரேக் போடும்போது ‘சர்ர்’ என்று ஓசை வந்து, பிறகு மறைந்துவிடுகிறது. பயப்படவேண்டாம். டிஸ்க் வண்ணம் பூசாத வார்ப்பிரும்பு. நம் ஊர் ஈரத்தில் ஓரிரவிலேயே மேலே மெல்லிய துரு படியும். பேட் அதைத் துடைத்துவிடும். மறையாமல் தொடர்ந்தால்தான் கவலை.

பிரேக் போடும்போது ‘கீச்ச்’ என்று கூர்மையாகக் கத்தினால் அது அநேகமாக எச்சரிக்கை. பல பேட்களில் ஒரு சிறிய எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். உராய்வுப் பொருள் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்கில் பட்டுக் கத்தும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை, ஒரு துண்டு எஃகு. எனக்குப் பிடித்த எச்சரிக்கைக் கருவி இதுதான். ஆனால் எல்லாப் பேட்களிலும் நாக்கு இருப்பதில்லை. நல்ல பேட்டே அதிர்ந்து கீச்சிடுவதும் உண்டு. ஆகவே கீச்சுக் கேட்டால் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

கீச்சு பல நாள் கத்திவிட்டு ஒரு நாள் கரகரப்பாக மாறினால், எச்சரிக்கைக் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். வீட்டில் பலர் “கீச்சு நின்றுவிட்டது” என்று மகிழ்வது இந்த நேரத்தில்தான்.

பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே தகரம் உரசுவது போலக் கேட்டால், டிஸ்குக்கும் அதன் பின்னாலுள்ள தூசித் தகட்டுக்கும் இடையே கூழாங்கல் சிக்கியிருக்கலாம், அல்லது தகடு வளைந்திருக்கலாம். ‘ஊம்ம்’ என்ற முனகல் வேகத்தோடு கூடி, வளைவில் திரும்பும்போது மாறினால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மழைச் சாலையில் திடீரென்று அழுத்தி மிதிக்கும்போது மிதி துடித்து ‘டர்ர்ர்’ என்று வந்தால் அது கோளாறே இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஏபிஎஸ் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் ஓசை அது. அந்த நேரத்தில் பயந்து காலை எடுத்துவிடக்கூடாது.

மைவி, சாகா போன்ற சிறிய கார்களில் பின்சக்கரங்களில் பெரும்பாலும் டிரம் பிரேக் இருக்கும். அதில் தேய்ந்த தூள் டிரம்முக்குள்ளேயே தங்கிக் கரகரக்கும். அதையும் திறந்தால்தான் தெரியும்.

பின்னிருக்கை ஆய்வாளர்

அறிவியல் செய்முறையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்திருப்பீர்கள். கோளாறு கண்டுபிடிப்பதும் அதே முறைதான். காரை வைத்துச் சாலையில் சோதனை செய்யச் சொல்லவில்லை. வழக்கமாகப் போகும் பள்ளிப் பயணத்திலேயே கவனித்து, ஒரு தாளில் குறித்துவாருங்கள். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, எப்போதுமா? வேகம் குறையும்போது ஓசையின் சுருதி இறங்குகிறதா? அப்படியானால் அது சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. இடப்பக்கமா வலப்பக்கமா? சுவரோரம் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கினால் ஓசை சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். காலையில் மட்டுமா, சூடான பிறகும் உண்டா? நிற்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று அப்பாவைக் கேளுங்கள்.

“ஏதோ சத்தம் வருது” என்று சொல்லும் வாடிக்கையாளரைவிட, “முன் இடப்பக்கம், மிதிக்கும்போது மட்டும், சூடானாலும் போகவில்லை” என்று சொல்பவரிடம் மெக்கானிக் நேராக அந்தச் சக்கரத்துக்குப் போவார்.

கார் ஆறிய பிறகு, சமதரையில் நிற்கும்போது, கைவிளக்கால் சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே பார்க்கலாம். டிஸ்கின் முகம் வழவழப்பாக இருக்க வேண்டும். இசைத்தட்டுபோல ஆழமான வட்டக் கோடுகள் இருந்தால் உலோகம் உலோகத்தைத் தின்றிருக்கிறது. காலிப்பருக்குள் எட்டிப் பார்த்தால் வெளிப்பேட்டின் தடிமனும் தெரியும்.

பெரியவர் ஒருவரை முன்மூடியைத் திறக்கச் சொல்லி பிரேக் ஆயில் கலனையும் பாருங்கள். மூடியைத் திறக்கவேண்டாம், வெளியிலிருந்தே மட்டம் தெரியும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்ந்துகொண்டே வரும். அது விட்டுச்சென்ற இடத்தை ஆயில் நிரப்புவதால் கலனில் மட்டம் இறங்கும். ஒழுகல் எதுவும் இல்லாமல் மட்டம் மெல்ல இறங்கினால் அது பேட் தேய்ந்ததற்கான அடையாளம். இதைப் புரிந்துகொள்ளாமல் சிலர் ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். வெப்பமானி காட்டும் காய்ச்சலைப் போக்க வெப்பமானியைத் தண்ணீரில் நனைப்பது மாதிரி.

கண்ணுக்குத் தெரியும் பேட் சொல்லும் பொய்

இப்போது ஒரு புதிர். முன் இடப்பக்கம் கரகரக்கிறது. சக்கரத்தின் வழியே பார்த்தால் வெளிப்பேட்டில் ஆறு மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது. “பேட் நிறைய இருக்கிறதே, வேறு ஏதோ சத்தம்” என்று விட்டுவிடலாமா?

கூடாது. ஸ்லைடு பின்களை நினைத்துப் பாருங்கள். அவற்றின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் புகுந்தால் கிரீஸ் போய்த் துருப்பிடிக்கும். பின் இறுகிக்கொண்டால் காலிப்பர் நகராது. பிஸ்டன் நேரடியாகத் தள்ளும் உட்பேட் மட்டும் டிஸ்கை அழுத்தும். வெளிப்பேட் வேலையில்லாமல் சும்மா இருக்கும். மிதியை விட்ட பிறகும் காலிப்பர் திரும்பிப் போகாததால் உட்பேட் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் உட்பேட் எஃகுத் தகடுவரை தேய்ந்துவிடும், வெளிப்பேட் புதிதுபோல மின்னும். நமக்கு வெளியிலிருந்து தெரிவது அந்த வெளிப்பேட் மட்டும்தான்.

அதனால் கரகரப்புக்குச் சக்கரத்தைக் கழற்றாமல் விடை கிடையாது. கழற்றியதும் நான்கு பேட்களையும், இடம் வலம், உள் வெளி என்று வரிசையாக வைத்துத் தடிமனை ஒப்பிட வேண்டும். நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது வெறும் வயது. ஒரு சக்கரத்தில் உட்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பின் இறுகியிருக்கிறது. ஒரு சக்கரத்தின் இரண்டு பேட்களும் மற்றச் சக்கரத்தைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால் பிஸ்டன் இறுகியிருக்கலாம், அல்லது அதற்கு வரும் ரப்பர் குழாய் உள்ளே அடைத்து அழுத்தத்தைத் திருப்பி விடாமல் பிடித்திருக்கலாம். பேட் மாற்றுவது எளிது. ஏன் தேய்ந்தது என்று கேட்காமல் மாற்றினால் புதுப் பேட்டும் அதே வழியில் போகும். பட்டறையில் பழைய பேட்களைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. நல்ல மெக்கானிக் தாமே எடுத்துக் காட்டுவார்.

தள்ளிப்போட்டால்?

முதலில் பணம். பேட் தீர்ந்த நிலையில் ஓட்டினால் டிஸ்கும் கெடும். பேட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க், சில நேரம் காலிப்பர் என்று வளரும்.

பணத்தைவிடப் பெரியது வெப்பம். உராய்வுப் பொருள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. டிஸ்கின் சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகாமல் தடுக்கும் மெத்தையும் அதுதான். அது போய்விட்டால் எஃகுத் தகடு வழியே சூடு நேரே ஆயிலுக்குப் போகும். டாட் 3 என்ற தரத்திலுள்ள பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. நீர் சேர்ந்த பழைய ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்கும் குறைந்த அளவு 140 பாகைதான். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். சிரிஞ்சில் காற்று விட்டபோது கையில் உணர்ந்த அந்தப் பஞ்சு, இப்போது மலை இறக்கத்தில் காலடியில்.

மூன்றாவது ஆபத்து: பேட்டும் தகடும் தேயத் தேய பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து, ஆயில் ஒழுகத் தொடங்கலாம். கார்களில் பிரேக் குழாய்களை இரண்டு தனி இணைப்புகளாகப் பிரித்திருப்பது இப்படியொரு நிலைக்காகத்தான். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். ஆனால் பாதி பிரேக்கில் நிற்க எடுக்கும் தூரம் பாதியாகவா கூடும்? நீங்களே யோசியுங்கள்.

ஆகவே கரகரப்புக் கேட்ட காரைத் தீபாவளிப் பயணத்துக்கு எடுக்கக்கூடாது. மெதுவாக அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுபோகலாம். மிதி பஞ்சாக இருந்தாலோ, கருவிப்பலகையில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு, கைப்பிரேக்கை விட்ட பிறகும் அணையாமல் இருந்தாலோ ஓட்டவே வேண்டாம். இழுவை வண்டியை அழைக்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் என்ன நடக்கிறது?

இது பெரியவர்கள் செய்யும் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஏன் என்று கேட்கலாம். காரைத் தூக்கியதும் ஜேக்கை மட்டும் நம்பாமல் கீழே தாங்கிகள் வைப்பார்கள். காலிப்பரைக் கழற்றி, ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார்கள். குழாயின் உட்புறம் கிழிந்தால் வெளியே தெரியாது. தூளைக் காற்றடித்து ஊதாமல் திரவம் தெளித்துக் கழுவுவார்கள், ஏனென்றால் அந்த நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஸ்லைடு பின்களை உருவி, துருவைத் துடைத்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் பூசுவார்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

டிஸ்கை மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் சதை இருந்தால் லேத்தில் சீவிச் சமப்படுத்தலாம். இல்லாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். மெல்லிய டிஸ்க் சீக்கிரம் சூடாகும் என்பது நாம் போட்ட 85 பாகைக் கணக்கிலேயே தெரிகிறது, ஐந்து கிலோவுக்குப் பதில் நான்கு என்று போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இடம், வலம் இரண்டிலும் சேர்த்தே பேட் மாற்றுவார்கள். இல்லையேல் இரு பக்கத்து உராய்வும் வேறுபட்டுக் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

புதுப் பேட் தடிமனானது. அதற்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். வேலை முடிந்து காரை நகர்த்துவதற்கு முன் மெக்கானிக் மிதியைப் பல முறை மிதித்துக் கெட்டியாக்குவார். அந்த ஒரு செயலை விட்டுவிட்டால், முதல் மிதியில் மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

அதன்பிறகு பேட்டையும் டிஸ்கையும் பழக்க வேண்டும். காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து மிதமாக பிரேக் போட்டு, இடையிடையே ஆறவிட்டு, இப்படிப் பல முறை. பேட்டின் பொருள் மிக மெல்லிய படலமாக டிஸ்கில் சீராகப் படிந்த பிறகுதான் பிரேக் முழுப் பிடிமானம் தரும். எத்தனை முறை, எந்த வேகம் என்பதைப் பேட் பெட்டியில் எழுதியிருப்பார்கள்.

கணக்குப் பகுதி

1. தேய்ந்த பேட் இருக்கும்போது ஒருவர் பிரேக் ஆயிலை மேல்கோடுவரை ஊற்றி நிரப்பிவிட்டார். பிறகு புதுப் பேட் மாற்றுகிறார்கள். கலனில் என்ன நடக்கும்?

2. கெந்திங் மலையிலிருந்து அதே 1,200 கிலோகிராம் கார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று கொண்டு, அது இழக்கும் நிலைச் சக்தியைக் காணுங்கள். 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எத்தனை முறை நிறுத்துவதற்கு அது சமம்?

விடை: 1. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் திரும்பிக் கலனுக்கு வந்து பொங்கி வழியும். காரின் வண்ணத்தையும் அரிக்கும். 2. 11,760,000 ஜூல். அதை 560,000-ஆல் வகுத்தால் 21 முறை. இதில் ஒரு பகுதியை இயந்திரம் ஏற்றுக்கொள்ளட்டும் என்றுதான் மலைச்சாலையோரப் பலகைகள் ‘குனா கியர் ரெண்டா’ என்று சொல்கின்றன.